பால் என்று தேடினால் புலி வந்தது: ஒரு சிற்றிதழின் 24 ஆண்டுகளைத் தேடலுக்குக் கொண்டுவந்த பதிவு

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் ஊர் நூலகத்தில் உட்கார்ந்து, தேடல் பெட்டியில் "பால்" என்று தட்டினேன். 41 பக்கங்கள் வந்தன. முதலில் வந்தவை எல்லாவற்றிலும் பால் இருந்தது. பால் கூட்டுறவுச் சங்கத் தேர்தல், பால் விலை உயர்வு, பாலுக்கு அழுத பிள்ளையைப் பற்றி ஒரு கவிதை. கடைசியில் நாலைந்து பாலமும் வந்தது, அது பரவாயில்லை. புலி ஒன்றுகூட வரவில்லை. மூன்று வாரத்துக்கு முன்பு இதே பெட்டியில் பாலைத் தேடினால் புலியும் பாலைவனமும் வந்து நின்றன. இதை அப்படியே எழுதி வைத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியது. அடுத்து ஒருவர் இதே வேலையைத் தொடங்கினால், நான் விழுந்த குழிகளில் பாதியையாவது தாண்டிப் போகலாம்.

வேலை இதுதான். நூலக வாசகர் வட்டம் 1991 ஜனவரியிலிருந்து 2014 டிசம்பர் வரை ஒரு மாத இதழ் நடத்தியது. 288 இதழ்கள் வந்திருக்க வேண்டும், 277 கிடைத்தன. ஒவ்வொன்றும் 24 பக்கம். 1998 வரை அச்சுக்கோத்து அடித்தது, காகிதம் மட்டுமே இருக்கிறது. 1999 முதல் 2009 வரை கணினியில் பக்கம் வடிவமைத்தது, குறுந்தகடுகளில் பிடிஎஃப் கோப்புகள். அதற்குப் பிறகு, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் உலகப் பொது முறையான யூனிகோடில் தட்டிய ஆவணங்கள். நான் பகலில் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். இரவில் இரண்டு மணி நேரம், வாரக் கடைசியில் கொஞ்சம் கூடுதலாக என்று எட்டு மாதம் ஆனது. இதில் நான் எழுதிய நிரல் மிகக் குறைவு. ஏற்கெனவே யாரோ எழுதித் திறந்து வைத்திருந்த கருவிகளைக் கண்டுபிடிப்பதுதான் வேலையில் பெரும்பகுதி. அதைத் தாமதமாகக் கற்றுக்கொண்டேன்.

குறுந்தகடுகள்

முதலில் கை வைத்தது குறுந்தகடுகளில். 9 தகடுகள். யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்று ரூ. 1,100-க்கு வாங்கினேன். ஏழு தகடுகள் சாதாரணமாகவே நகலாயின. இரண்டில் கீறல். சாதாரண நகல் கட்டளை பிழை கண்ட இடத்தில் நின்றுவிடும், நானும் விடாமல் திரும்பத் திரும்பப் போட்டு டிரைவைக் கதற வைத்தேன். அப்புறம்தான் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ ஞாபகம் வந்தது. அது முதல் சுற்றில் நன்றாகப் படிக்கும் பகுதிகளை எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களுக்கு அப்புறம் திரும்பி வரும். எங்கே விட்டோம் என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்து வைப்பதால் நிறுத்திவிட்டு மறுநாள் தொடரலாம். இரண்டு இரவு ஓடியது, எல்லாக் கோப்பும் மீண்டது. இனிமேல் பழைய தகடு என்றால் முதல் கட்டளையே இதுதான்.

கோப்புகளைத் திறந்தால் திரையில் அழகான தமிழ். ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பை. "தமிழ்" என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக வந்து விழுந்தது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பழைய எழுத்துரு பாமினி இது என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது, ஆனால் தெரிந்தவுடன் செய்த காரியம்தான் தவறு: மாற்றியை நானே எழுத உட்கார்ந்தேன்.

மூன்று வாரம் போனது. எந்த விசைக்கு எந்த எழுத்து என்று ஒரு நீண்ட அட்டவணை. பழைய எழுத்துருக்களில் கொம்பு முன்னால் வரும், எழுத்து அப்புறம், கால் கடைசியில். யூனிகோடில் எழுத்து முதலில், குறி பிறகு. அதனால் நீளமான கூட்டுகளை முதலில் மாற்றி, அப்புறம்தான் ஒற்றை எழுத்துகளுக்கு வர வேண்டும். அதைக் கண்டுபிடிக்கவே ஒரு வாரம். ஒருவழியாக 2004 வரைக்கும் சரியானது. 2005 ஜனவரி இதழைத் திறந்தால் மறுபடியும் குப்பை, ஆனால் வேறு மாதிரிக் குப்பை. வடிவமைத்தவர் மாறியிருக்கிறார், எழுத்துருவும் மாறியிருக்கிறது. அன்றிரவு மடிக்கணினியை மூடிவிட்டேன்.

மறுநாள் பைதான் நிரல்மொழியின் தொகுப்புகள் இருக்கும் பொதுக் களஞ்சியத்தில் வெறுமனே "தமிழ்" என்று ஆங்கில எழுத்தில் தேடினேன். அதுவரை "எழுத்துரு மாற்றி" என்றே தேடிக்கொண்டிருந்தேன். அதற்குக் கிடைத்தவை எல்லாம் ஒரு பெட்டியில் ஒட்டி இன்னொரு பெட்டியில் எடுக்கிற இணையப் பக்கங்கள். களஞ்சியத்தில் தேடியதும் ஓப்பன்-தமிழ் கண்ணில் பட்டது. எழில் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை தொடங்கி, பலரும் சேர்ந்து வளர்த்த நிரல் நூலகம், யாரும் தாராளமாக எடுத்தாளக்கூடிய எம்ஐடி உரிமம். பாமினி, டிஸ்கி, டாப், டாம் என்று பழைய குறியாக்கங்கள் ஒவ்வொன்றுக்கும் யூனிகோடுக்கு மாற்றும் சார்பு உள்ளே தயாராக இருந்தது. 2005-க்குப் பிறகான எழுத்துரு டாப் வகை. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில், டாம் வகையோடு சேர்த்துத் தரமாக அறிவித்தார்களே, அதேதான். என் மூன்று வார அட்டவணையை அழித்துவிட்டு இரண்டு வரி எழுதினேன். வேலை முடிந்தது.

முடிந்தது என்று நினைத்தேன். அந்த நிரல் நூலகத்தில் எந்தக் குறியாக்கம் என்று தானே கண்டுபிடிக்கும் சார்பு ஒன்றும் உண்டு. நீளமான கட்டுரையைக் கொடுத்தால் சரியாகச் சொல்கிறது. நான்கு சொல் தலைப்பைக் கொடுத்தால் இன்னும் சொற்கள் வேண்டும் என்று நின்றுவிடுகிறது. பல குறியாக்கங்களுக்குப் பொதுவான எழுத்துகள் நிறைய இருப்பதால், அது ஊகிக்காமல் நிற்பதே நியாயம். தலைப்புக்கும் கட்டுரைக்கும் தனித்தனியாகக் கேட்காமல், இதழுக்கு ஒரு முறை கேட்டு வைத்துக்கொண்டேன்.

இன்னொரு சிக்கல் பெரியது. இதழில் நடுநடுவே ஆங்கிலச் சொற்கள் உண்டு. நூல் பெயர்கள், மருந்துப் பெயர்கள், முகவரிகள். முழுப் பக்கத்தையும் பாமினி என்று எண்ணி மாற்றினால் அந்த ஆங்கிலமும் பொருளில்லாத தமிழாகிவிடுகிறது. இதற்கு விடை பிடிஎஃப் கருவிகள் அடங்கிய பாப்ளர் தொகுப்போடு வரும் ஒரு சின்னக் கட்டளையில் இருந்தது. அது ஒரு பிடிஎஃப்-க்குள் என்னென்ன எழுத்துரு, யூனிகோடு அட்டவணை கூடவே இருக்கிறதா இல்லையா என்று பட்டியல் போடும். ஆங்கிலம் வேறு எழுத்துருவில் இருந்தது. அப்படியானால் எழுத்துருவைப் பார்த்து மாற்றினால் போதும். ஒவ்வொரு எழுத்தையும் அதன் எழுத்துருப் பெயரோடு தரும் நிரல் நூலகம் தேடினேன். பைமுபிடிஎஃப் வேகமானது, ஆனால் உரிமம் ஏஜிபிஎல், அதைச் சேர்த்து வெளியிடும் நிரலின் மூலத்தையும் திறந்து தரச் சொல்வது. பிடிஎஃப்பிளம்பர் மெதுவானது, உரிமம் எம்ஐடி. இந்த நிரலை வேறு ஊர் வாசகர் வட்டம் எடுத்து எப்படிப் பயன்படுத்துமோ தெரியாது, அவர்களுக்கு உரிமத் தலைவலி வேண்டாம் என்று பிளம்பரை எடுத்தேன்.

முதல் ஓட்டத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. எழுத்துருப் பெயர் "பாமினி" என்று இருந்தால் மாற்று என்று எழுதியிருந்தேன். பிடிஎஃப்-க்குள் எழுத்துருவின் ஒரு பகுதியை மட்டும் பொதிந்தால், பெயருக்கு முன்னால் ஆறு பெரிய ஆங்கில எழுத்தும் ஒரு கூட்டல் குறியும் ஒட்டிக்கொள்ளும். கூட்டல் குறிக்குப் பின்னால் உள்ளதை மட்டும் பார்க்கச் சொன்னதும் 132 இதழும் ஒரே இரவில் முடிந்தன.

காகிதம்

1991 முதல் 1998 வரை 85 இதழ்கள், 2,040 பக்கம். பழைய தட்டை ஸ்கேனர் ஒன்று ரூ. 3,200-க்குக் கிடைத்தது. இதழை விரித்து வைத்தால் ஏ4 அளவு, ஒரு தடவைக்கு இரண்டு பக்கம். ஆக 1,020 தடவை. லினக்ஸில் சேன் தொகுப்பின் ஸ்கேன்இமேஜ் கட்டளையைத் தொகுதி முறையில் ஓடவிட்டு, பக்கம் திருப்பி எண்டர் தட்டினால் போதும். எலியைத் தொடவே வேண்டாம். ஒரு தடவைக்கு ஏறக்குறைய 40 நொடி, மூன்று வாரக் கடைசிகள்.

அதில் ஒரு வாரக் கடைசி வீண். அங்குலத்துக்கு 200 புள்ளி (டிபிஐ) போதும் என்று முதல் 12 இதழ்களை எடுத்துவிட்டேன். படத்தில் உள்ள எழுத்தைப் படித்து உரையாக்கும் எழுத்துணரி நிரலான டெஸராக்ட் அதைப் படித்த லட்சணத்தைப் பார்த்ததும் 300-க்கு ஏற்றி எல்லாவற்றையும் மறுபடி எடுத்தேன். சாம்பல் நிறத்தில் 300 டிபிஐ என்றால் சுருக்காத ஏ4 படம் 8.7 எம்பி வரும். மொத்தம் 9 ஜிபி, ஒன்றும் பெரிதில்லை. மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அது இல்லை.

மெல்லிய காகிதம், பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரிந்தது. நூலகர் அக்கா ஒரு யோசனை சொன்னார், பக்கத்துக்குப் பின்னால் கறுப்புச் சார்ட் அட்டை வைத்துப் பார் என்று. பத்து ரூபாய் அட்டை. ஸ்கேனர் மூடியின் வெள்ளைதான் ஒளியைத் திருப்பி அனுப்பிப் பின்பக்க எழுத்தைக் காட்டியிருக்கிறது. கறுப்பு வைத்ததும் பெரும்பாலும் மறைந்துவிட்டது. படத்தைத் துடைக்க நான் எழுதத் தொடங்கியிருந்த நிரலை அதோடு நிறுத்தினேன்.

விரிந்த பக்கத்தை இரண்டாகப் பிரிப்பது, கோணலை நிமிர்த்துவது, ஓரத்தை வெட்டுவது எல்லாம் ஸ்கேன்டெய்லர் செய்தது. அதன் பெயரை நான் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. எழுத்துணரிக்காக ஓசிஆர்மைபிடிஎஃப் கருவியை எடுத்தபோது, உபுண்டுவில் அந்தத் தொகுப்பின் விவரத்தைக் கேட்டேன். எதைச் சார்ந்திருக்கிறது, எதைப் பரிந்துரைக்கிறது என்ற வரிகளில் அன்பேப்பர் என்ற துப்புரவுக் கருவி இருந்தது. அதைப் பற்றிப் படிக்கப் போன இடத்தில் ஸ்கேன்டெய்லர். ஒரு நல்ல கருவி எதையெதையெல்லாம் சார்ந்து நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே போனால், தேடுபொறி காட்டாத வேறு நான்கு கருவிகள் வழியிலேயே கிடைத்துவிடுகின்றன. ஓசிஆர்மைபிடிஎஃப் உள்ளே டெஸராக்டைத்தான் ஓட்டுகிறது. கூடவே படித்த உரையைத் தனிக் கோப்பாகவும் எழுதித் தரும், அந்த ஒரு வசதிக்காகவே நான் அதை விடமாட்டேன்.

டெஸராக்ட் ஹெச்பி நிறுவனத்தில் பிறந்து, 2005-ல் திறந்த மூலமாக வெளிவந்தது. தமிழைப் படிக்கப் பயிற்றிய மொழிப் பொதி உண்டு. உபுண்டு தானாக நிறுவுவது வேகப் பொதி, கூடுதல் துல்லியப் பொதி தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும். எது நல்லது என்று கண்ணால் பார்த்து முடிவு செய்ய முயன்று இரண்டு நாள் குழம்பினேன். பிறகு பத்துப் பக்கங்களைக் கையால் தட்டி, ஜைவர் என்ற பைதான் நூலகத்தை வைத்து எழுத்துப் பிழை விகிதத்தை அளந்தேன். என் பத்துப் பக்கங்களில் துல்லியப் பொதி தெளிவாக முன்னால் நின்றது. என் எட்டு வயது மடிக்கணினியில் பக்கத்துக்கு வேகப் பொதி 5 நொடி, துல்லியப் பொதி 12 நொடி. 2,040 பக்கத்துக்கு ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, இரவு தூங்கி எழுந்தால் முடிந்திருக்கும். அந்தப் பத்துப் பக்கத்தை முதல் நாளே தட்டி வைத்திருக்க வேண்டும். அப்புறம் வந்த ஒவ்வொரு கேள்விக்கும் பதில் அதில்தான் கிடைத்தது.

காலும் ரகரமும்

அச்சில் ரகரமும் துணைக்காலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும், தேய்ந்த அச்செழுத்தில் இன்னும் மோசம். "அரசு" என்பது "அாசு" என்று வந்தது. "இரவு", "இாவு" ஆனது. "கிராமம்" என்ற சொல்லில் ரகரமும் போய், பக்கத்தில் இரண்டு கால்கள் நின்றன.

ஒருநாள் பேருந்தில் வரும்போது தோன்றியது. தமிழில் உயிரெழுத்துக்குப் பின்னால் கால் வரவே வராது. புள்ளிக்கோ வேறு குறிக்கோ பின்னாலும் வராது. அப்படி வந்தால் அது கால் இல்லை, ரகரம். இடமிருந்து வலமாக இந்த ஒரு விதியை ஓட்டினால் போதும். "அாசு" தானாக "அரசு" ஆகும். "கிராமம்" சொல்லில் இகரக் குறிக்குப் பின்னால் உள்ள முதல் கால் ரகரமாகும், அடுத்த கால் இப்போது ரகரத்தின் பின்னால் நிற்பதால் காலாகவே இருக்கும். அகராதி வேண்டாம், எந்தப் பெரிய கருவியும் வேண்டாம். பத்து வரி பைதான். இந்த எட்டு மாதத்தில் நானே எழுதியவற்றில் எனக்குப் பிடித்தது இதுதான்.

அதே விதியால் ஒரு சேதமும் வந்தது. எல்லா இதழ்களுக்கும் ஒரே துப்புரவு நிரல் இருக்கட்டும் என்று 2010-க்குப் பிந்தைய யூனிகோடு ஆவணங்களையும், பேன்டாக் என்ற ஆவண மாற்றி வழியாக வெற்று உரையாக்கி, அதே வழியில் விட்டேன். அவற்றைத் தட்டியவர்களில் யாரோ ஒருவரின் விசைப்பலகை ஒகரத்தை ஒரே குறியாக இடாமல், கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்து இட்டிருக்கிறது. திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். என் விதிக்குத் தெரிந்தது வேறு: கொம்பு ஒரு குறி, அதன் பின்னால் கால், ஆகவே ரகரம். "கொடி" எல்லாம் "கெரடி" ஆனது. "தோட்டம்", "தேரட்டம்" ஆனது. நிரல் அதே கோப்பின் மேலேயே எழுதியது. கையால் இரண்டு இரவு திருத்தியிருந்தவையும் அதில் போயின. கோப்புகளின் பழைய வடிவங்களைக் காத்து வைக்கும் ஜிட் இந்தக் கணினியில் இருந்தும் உரைக் கோப்புகளை அதில் போடாமல் இருந்தேன்.

சரிசெய்ய வேண்டியது வரிசையை மட்டும். யூனிகோடு தரத்தில் இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்க என்எஃப்சி என்ற இயல்பாக்கம் இருக்கிறது. பைதானோடு சேர்ந்தே வருகிறது, ஒரு வரி. அதை முதலில் ஓட்டிவிட்டுத்தான் ரகர விதி. இது தீர்க்காத ஒன்று ஔகாரம். "மௌனம்" என்பதைப் பலர் கொம்பும் ளகரமுமாகத் தட்டுவார்கள். பார்க்க அதேதான், உள்ளே வேறு. கொம்பு-ளகரம் எல்லாவற்றையும் ஔகாரமாக்கு என்று சொல்ல முடியாது, "தெளிவு" கெட்டுப்போகும். மௌனம், கௌரவம், பௌர்ணமி, சௌகரியம், ஔவை என்று ஒரு சிறு சொற்பட்டியல் வைத்து மாற்றினேன்.

1990-களிலும் அந்த அச்சகத்தில் பழைய அச்செழுத்துகள் புழங்கியிருக்கின்றன. 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகும் தலைப்பெழுத்துகளில் துதிக்கை போட்ட "னை", "லை" இருந்தன. டெஸராக்ட் அந்த வளைவை விட்டுவிட்டு வெறும் "ன", "ல" என்று படித்தது. தலைப்புகள்தானே, 85 இதழ்களுக்கும் உட்கார்ந்து கையால் தட்டிவிட்டேன்.

தேடல்

தேடலுக்கு எஸ்க்யூலைட். தரவுத்தளம் ஒரே கோப்பு, வழங்கி எதுவும் வேண்டாம், நூலகத்தின் பழைய கணினியே தாங்கும். அதனுள் எஃப்டிஎஸ்5 என்ற முழு உரைத் தேடல் பகுதி ஏற்கெனவே இருக்கிறது. உள்ளே என்ன போயிருக்கிறது என்று மேய்ந்து பார்க்க டேட்டாசெட் என்ற கருவி. ஜாங்கோ என்ற வலைச் சட்டகத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான சைமன் வில்லிசன் 2017-ல் வெளியிட்டது. எஸ்க்யூலைட் கோப்பைக் கொடுத்தால் உலாவியில் அட்டவணையும் தேடல் பெட்டியும் வந்துவிடும். பத்தே நிமிடத்தில் 24 ஆண்டுகளும் திரையில் வந்தன.

"கடல்" என்று தேடினேன். கடலில், கடலுக்கு, கடலும் என்று எல்லா வடிவங்களும் வந்தன. "மழை" தேடினால் மழையில், மழையும். வேற்றுமை உருபுகளை இது தானே பிரித்துக்கொள்கிறதே என்று வியந்து போனேன். ஆசிரியராக இருந்த ஐயாவை அழைத்துக் காட்டினேன். அவருக்கும் மகிழ்ச்சி.

அடுத்த வாரம் நூலகர் அக்கா பால் சங்கக் கட்டுரையைத் தேடி, "பால்" என்று தட்டினார். 600 பக்கத்துக்கு மேல். புலி, பாலை, போல, பூலோகம். "கடல்" தேடலைத் திரும்பப் பார்த்தேன். அதில் கடலையும் இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை.

என்ன நடக்கிறது என்று காட்டியது எஃப்டிஎஸ்5-வொகாப் என்ற சிறு வசதி. அட்டவணையில் எந்தெந்தச் சொற்கள் ஏறியிருக்கின்றன என்று அப்படியே பட்டியலாகத் தரும். திறந்தால் ஒரு குறிகூட இல்லை. "தம", "ழ", "கடல", "ப", "ல". அப்போதுதான் புரிந்தது. யூனிகோடு ஒவ்வொரு குறியீட்டையும் ஒரு வகையில் அடக்குகிறது. தமிழ் உயிரும் அகரமேறிய மெய்யும் எழுத்து வகை, புள்ளியும் கால் கொம்பு சுழிகளும் குறி வகை. எஃப்டிஎஸ்5-ன் இயல்பான சொற்பிரிப்பி எழுத்தையும் எண்ணையும் மட்டுமே சொல்லின் பகுதியாக எடுக்கிறது. குறி வந்தால் அதன் கணக்கில் சொல் முடிந்தது. பால், புலி, போல மூன்றும் அதற்கு "ப", "ல" என்ற ஒரே இரண்டு துண்டு. கடலில் என்பது "கடல" என்றும் "ல" என்றும் உடைந்ததால்தான் உருபைப் பிரித்தது போலத் தெரிந்தது. நான் கண்டு மகிழ்ந்த நுட்பமே பிழைதான்.

இதில் எனக்கு வருத்தம் தருவது, இதே நோயை நான் முன்பே பார்த்திருந்தேன் என்பது. ஆரம்பத்தில் பைதானில் சொற்களை எண்ணும்போது, அதன் வழக்கமான சொல்-வடிவத் தேடலும் தமிழைக் குறிக்குக் குறி வெட்டியது. அப்போது ரீஜெக்ஸ் என்ற வேறு தொகுப்பை நிறுவி, எழுத்தையும் குறியையும் சேர்த்துக் கேட்டுச் சரிசெய்துகொண்டு கடந்துவிட்டேன். அது பைதானின் குணம் என்றே நினைத்தேன், எல்லாக் கருவியிலும் சோதிக்க வேண்டிய விஷயம் என்று தோன்றவில்லை.

தீர்வு எஃப்டிஎஸ்5 கையேட்டிலேயே இருந்தது. அட்டவணையை உருவாக்கும்போது சொற்பிரிப்பிக்கு எந்தெந்த வகைகள் சொல்லின் பகுதி என்று சொல்லலாம். இயல்பான பட்டியலோடு இரண்டு குறி வகைகளையும் சேர்த்து அட்டவணையைப் புதிதாகக் கட்டினேன். இப்போது வொகாப் பட்டியலில் முழுத் தமிழ்ச் சொற்கள். ஒரு மாதிரி உடைந்த சொற்கள் இன்னும் இருந்தன. கண்ணுக்குத் தெரியாத இணைப்புத் தடைக் குறி சில ஆவணங்களில் சொல்லுக்கு நடுவே கிடந்தது. அதையும் துப்புரவில் நீக்கினேன்.

புலி போனது. கூடவே "கடலில்" என்பதும் போனது. இப்போது "கடல்" என்றால் கடல் மட்டும்.

டிரைகிராம் என்ற இன்னொரு சொற்பிரிப்பியை முயன்றேன். மூன்று மூன்று குறியீடாக வெட்டிச் சொல்லின் நடுவிலும் தேடும். ஆனால் "கை", "நீ" போன்றவை இரண்டே குறியீடு, அவற்றுக்கு ஒன்றுமே கிடைக்காது. ஸ்னோபால் தொகுப்பில் தமிழுக்கு அடிச்சொல் காணும் நிரல் இருக்கிறது, அதையும் ஒரு வாரம் வைத்துப் பார்த்தேன். வேலை செய்தது. ஆனால் ஒரு பக்கம் ஏன் வந்தது என்று நூலகர் அக்கா கேட்டால் என்னால் விளக்க முடியவில்லை. கடைசியில் நின்றது எளிய வழி: முன்னொட்டுத் தேடலும் நான்கு விதிகளும். சொல் புள்ளியில் முடிந்தால் புள்ளியை எடுத்துவிட்டு, அப்படித் தொடங்கும் சொற்களைத் தேடு. "ம்" என்று முடிந்தால் "த்த" வடிவத்தையும் சேர்த்துத் தேடு, மரம் என்றால் மரத்தில் வரும். "டு" என்று முடிந்தால் "ட்ட", வீடு என்றால் வீட்டில் வரும். "று" என்றால் "ற்ற", ஆறு என்றால் ஆற்றில் வரும். முதலில் சொல் அப்படியே உள்ள பக்கங்கள், அப்புறம் மற்றவை. ஃபிளாஸ்க் என்ற பைதான் வலைக் கருவியில் 90 வரிக்குள் ஒரு பக்கம். தேடும் சொல்லுக்கும் அதே துப்புரவை ஓட்ட மறந்து, "மௌனம்" கிடைக்காமல் ஒருநாள் விழித்ததையும் சொல்லிவிடுகிறேன்.

கணக்கு

ஸ்கேனர் ரூ. 3,200, டிவிடி டிரைவ் ரூ. 1,100, இரண்டு சார்ட் அட்டை ரூ. 20, நூலகக் கணினிக்கு 240 ஜிபி எஸ்எஸ்டி ரூ. 1,650. மொத்தம் ரூ. 5,970. மென்பொருளுக்குச் செலவில்லை. வாசகர் வட்டத்தினர் பாதியைப் பகிர்ந்துகொண்டார்கள்.

மறுபடி தொடங்கினால் நிரல் எழுதும் முன் ஒரு முழு மாலையைக் கருவி தேடுவதற்கே ஒதுக்குவேன். களஞ்சியத்தில் மொழியின் பெயரை மட்டும் இட்டுத் தேடுவேன். கருவி கிடைத்ததும் எத்தனை பேர் நட்சத்திரம் போட்டார்கள் என்று பார்க்காமல், அதன் பிழைப் பட்டியலில் தேவநாகரி, தாய்லாந்து மொழி என்று தேடுவேன். தமிழைப் பற்றி யாரும் எழுதியிருக்காவிட்டாலும் இந்திக்காரர் யாராவது இதே குறிச் சிக்கலை எழுதியிருப்பார், அவருக்குக் கிடைத்த பதில் நமக்கும் உதவும். உரைக் கோப்புகள் முதல் நாளிலிருந்து ஜிட்டில் இருக்கும். அப்புறம் ஒரு சோதனைக் கோப்பு. இப்போது என்னிடம் இருக்கிறது, 13 வரி: பால், புலி, நீ, கடலில், ஒரே குறியாகக் "கொடி", பிரிந்த குறியாகக் "கொடி", இரண்டு விதமாக "மௌனம்", ஸகரத்தில் ஒன்றும் ஶகரத்தில் ஒன்றுமாக இரண்டு "ஸ்ரீ", "க்ஷ", நடுவில் இணைப்புத் தடையோடு ஒரு சொல், ஆங்கிலம் கலந்த ஒரு வரி. எந்தப் புதுக் கருவியை எடுத்தாலும் முதலில் இதைத்தான் உள்ளே விடுகிறேன். ஐந்து நிமிடத்தில் அது தமிழைச் சொல்லாகப் பார்க்கிறதா, துண்டாகப் பார்க்கிறதா என்று தெரிந்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஐயாவும் வந்திருந்தார். 1993-ல் தான் எழுதிய தலையங்கம் ஒன்றைத் தேடச் சொன்னார். வந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் படித்தார். "தம்பி, மூணாவது பத்தியில நாகம்னு இருக்கு. நான் எழுதினது நரகம்."

ஸ்கேன் படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். நரகம்தான். இரண்டும் சரியான தமிழ்ச் சொல், என் விதி இதைப் பிடிக்காது. திருத்தி, சேமித்து, ஜிட்டில் ஏற்றினேன். ஐயா நாற்காலியை இன்னும் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, "அடுத்த பக்கம் போ" என்றார்.